தகாயாமாவை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

ஜப்பானின் கிஃபு மாகாணத்து மலைகளுக்கு நடுவே இருக்கிறது தகாயாமா. 2005இல் சுற்றுப்புற ஊர்கள் இணைந்த பிறகு, பரப்பளவில் ஜப்பானின் மிகப் பெரிய நகரம் இதுதான். பயப்பட வேண்டாம், பழைய ஊர் முழுவதும் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

படி 1: முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள்
இது காலையில் விழித்து, மாலை ஐந்து மணிக்கெல்லாம் கடையடைக்கும் ஊர். நகோயாவில் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால் சந்தை கலையும் நேரத்தில்தான் வந்து சேர்வீர்கள். அங்கிருந்து 'ஹிடா' விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஏறியதும் இருக்கைகள் பின்பக்கம் பார்த்திருக்கும். திருப்பாதீர்கள்: கிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறும், அதன்பின் எல்லாம் சரியாகிவிடும்.

படி 2: ஏழு மணிக்குச் சந்தை
மியாகவா ஆற்றங்கரைச் சந்தை காலை 7க்குத் தொடங்கும், குளிர்காலத்தில் 8க்கு. நண்பகலில் முடிந்துவிடும். சிவப்பு டர்னிப் ஊறுகாய், மிசோ (புளித்த சோயா விழுது), காய்கறி, பழம் கிடைக்கும். சில்லறை யென் கையில் இருக்கட்டும்.

படி 3: ஜின்யா
சந்தையிலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் சிவப்பு நகபாஷி பாலம். அதன் அருகே ஜின்யா. இப்பகுதியின் மரமும் கனிமமும் வேண்டுமென்று 1692இல் ஷோகுன் அரசு (அன்று ஜப்பானை ஆண்ட படைத்தலைவரின் ஆட்சி) ஹிடாவை, அதாவது தகாயாமாவைச் சுற்றிய இந்தப் பழைய மாகாணத்தை, தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அந்த ஆட்சி நடந்த அலுவலகம் இது. நாடெங்கும் இருந்த இத்தகைய அலுவலகங்களில் முதன்மைக் கட்டடம் எஞ்சி நிற்பது இங்கு மட்டுமே. அவசரப்படாமல் பாருங்கள். காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்காலத்தில் தரை பனிக்கட்டிபோல் இருக்கும், கனமான காலுறை அவசியம்.

படி 4: பாலத்தைத் தாண்டி சன்மாச்சி
மரச்சட்டம் அடித்த கருமையான வணிகர் வீடுகள் வரிசையாக நிற்கும். எட்டாம் நூற்றாண்டில் வரிக்குப் பதிலாகத் தலைநகருக்குத் தச்சர்களை அனுப்பிய நாடு ஹிடா. அந்தக் கைத்திறனின் வாரிசுகள் இவை. வாசலில் தேவதாரு இலைப் பந்து தொங்கினால் அது சாகே என்னும் அரிசி மது தயாரிக்கும் இடம். புதிய சாகே வரும்போது பச்சையாகக் கட்டுவார்கள். நாளாக ஆகப் பழுப்பாகும்.

இங்கே ஹிடா மாட்டிறைச்சி சுஷியை அரிசி அப்பளத்தின்மேல் வைத்துத் தருவார்கள், தட்டையும் சேர்த்தே தின்னலாம். சைவர்கள் கவனம்: காய்கறிச் சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். இவ்வூர் மிதராஷி தாங்கோ நல்ல மாற்று. அரிசிமாவு உருண்டையைச் சோயா சாஸ் தடவிச் சுடுவார்கள். மற்ற ஊர்களைப்போல இனிக்காது.

படி 5: திருவிழாவுக்கு வருவதானால்
இவ்வூர்த் தேர்த் திருவிழா ஆண்டுக்கு இருமுறை: ஏப்ரல் 14, 15. அக்டோபர் 9, 10. அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். வசந்தத்தில் 12 தேர், இலையுதிர் காலத்தில் 11. மழை வந்தால் தேர் வெளியே வராது, நாளைத் தள்ளியும் வைக்கமாட்டார்கள். அப்படி ஆகிவிட்டால் சகுராயாமா ஹச்சிமான் கோயிலை ஒட்டிய தேர்க் கூடத்துக்குப் போங்கள். நிஜத் தேர்களில் சிலவற்றை ஆண்டு முழுவதும் அங்கே காணலாம்.