மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

வன்னியில் வயிற்றில் நீளத் தழும்போடு திரிபவர்கள் கொஞ்சப் பேரில்லை. ஷெல் துண்டு பட்டவர்கள், பனையால் விழுந்தவர்கள், ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளோடு சரிந்தவர்கள். உள்ளே என்னத்தை எடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. முதலில் பழைய கிளினிக் கொப்பியைத் தேடி 'ஸ்ப்ளெனெக்டமி' (மண்ணீரலை வெட்டி எடுத்தல்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கொப்பி தொலைந்திருந்தால் (உயிரோடு வந்ததே பெரிய விஷயம், கொப்பிக்கு எங்கே போவது) வயிற்றை ஸ்கான் பண்ணினால் தெரியும்.

மண்ணீரல் இடப்பக்க விலாவுக்கு உள்ளே, ஏறக்குறைய 150 கிராம். கிழட்டுச் செங்குழியங்களைக் கழிப்பது அதன் ஒரு வேலை. ஆனால் நியூமோகொக்கஸ் மாதிரிச் சில பக்டீரியாக்கள் வழுக்கலான உறை போட்டு வரும், வெண்குழியங்களுக்கு லேசில் பிடிகொடுக்காது. அந்த உறையில் ஒட்டும் பிறபொருளெதிரியைச் சுரப்பதும், ஒட்டியதைப் பிடித்து விழுங்குவதும் மண்ணீரலில்தான் மும்முரமாக நடக்கும். அது இல்லாதவருக்குக் கிருமி இரத்தத்தில் மளமளவென்று பெருகி, காலையில் குளிருது என்று படுத்தவரை இரவுக்குள் சாய்த்துவிடலாம். சத்திரசிகிச்சை முடிந்து 20 வருடம் போனாலும் இந்த ஆபத்து போகாது.

எங்கள் பழக்கம் என்ன? பனடோல் போட்டு, மூன்றாம் நாள் டெங்குவுக்கு இரத்தம் சோதிப்பது. உங்களுக்கு அது சரிவராது. 38 பாகை தாண்டினாலோ நடுக்கம் பிடித்தாலோ, நடுச்சாமம் என்றாலும் அப்போதே ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம். வரிசையில் நிற்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போய், முதல் சொல்லே "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்லுங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளுக்கு இருப்பவர்கள், கைவசம் வைக்க நுண்ணுயிர்க்கொல்லி தரமுடியுமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முதல் குளிசையைப் போட்டுவிட்டுப் புறப்படத்தான் அது, வீட்டில் இருக்க அல்ல.

தடுப்பூசி: நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹிப் (மூன்றும் உறை போட்டு வரும் பக்டீரியாக்கள்), வருடாவருடம் இன்புளுவென்சா. தலசீமியா (பரம்பரை இரத்த நோய்) உள்ள பிள்ளைக்கு நாள் குறித்து மண்ணீரலை எடுப்பதென்றால் 2 கிழமைக்கு முன்பே போடுவது நல்லது. அவசரமாக எடுத்தவர்களுக்கு 2 கிழமை கழித்து. வருடக்கணக்கில் பிந்தியவர்களும் போடலாம்.

அப்புறம், நாய் கடித்தால் விசர் ஊசியோடு நிற்காதீர்கள், நாயின் எச்சிலில் இருக்கும் இன்னொரு பக்டீரியாவும் உங்களுக்கு மோசம். மலேரியாவும் அப்படித்தான். இலங்கை மலேரியா இல்லாத நாடென்று 2016இல் சான்று பெற்றது, சரி, ஆனால் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போகுமுன் தடுப்புக் குளிசை கேளுங்கள். மண்ணீரல் இல்லை என்று மூன்று மொழியிலும் எழுதிய துண்டொன்று அடையாள அட்டையோடு இருக்கட்டும்.