வலைப்பூ தொடங்கலாம், ஆனால் யார் படிப்பார்கள்?

புதிதாக வலைப்பூ தொடங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நான் எழுதுறதை யார் படிக்கப்போறா?" என்றுதான். இதற்கு விடை கண்டுபிடித்த பிறகு கணக்கு தொடங்குங்கள். என்ன எழுதுவது என்ற குழப்பமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

முதல் படி: ஒரு தாளில் ஒரே ஓர் ஆளை எழுதுங்கள். "எல்லாரும்" என்று எழுதாதீர்கள். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் மும்பை தாராவியில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணம், மறுவீட்டு விருந்துக்குச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைக்க வேண்டும், பக்குவம் சொல்ல ஆச்சி இல்லை. போனைத்தான் எடுப்பாள்.

இரண்டாம் படி: அவள் என்ன தேடுவாள்? நாலு பேருக்குச் சொதி வைக்கும் குறிப்புகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அவளுக்கு வேண்டியது 200 பேருக்கான கணக்கு. எத்தனை தேங்காய், பாலை எப்போது பிழிந்து வைப்பது, தண்ணிப்பாலில் காய் வெந்த பிறகு ஊற்றுகிற முதல் பால் பெரிய அண்டாவில் திரியாமல் இருக்க எப்போது இறக்குவது, எலுமிச்சைச் சாறு எந்தச் சூட்டில் விடுவது, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் எவ்வளவு. உங்கள் தெருவில் கல்யாணச் சமையல் செய்கிறவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், அளவுகளை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அவ்வளவுதான், முதல் இடுகை தயார்.

சமையல் வராதா? பத்தமடைப் பாய் வாங்கும்போது எதைத் தொட்டுப் பார்ப்பது, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பிள்ளைகுட்டியோடு போகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போவது, அம்பாசமுத்திரம் பக்கம் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் வயல் வேலை எப்படி மாறுகிறது என்று எழுதலாம். "வாழ்க்கை பற்றிய என் எண்ணங்கள்" மாதிரி தலைப்புகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்களைத் தெரியாத ஒருவர் அதைத் தேடி வர வழியே இல்லை.

மூன்றாம் படி, கணக்கு. வலைப்பூ எழுத இடம் தரும் பிளாகர் தளம் போதும். 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் இலவசம். அதே மாதிரியான வேர்டுபிரஸும் நல்லதுதான், ஆனால் புதியவர்கள் அதன் அமைப்புகளுக்குள்ளேயே நாளைக் கழித்துவிடுவார்கள். முகவரியை ஆங்கில எழுத்தில், போனில் சொன்னால் எதிராளி தப்பில்லாமல் அடிக்கிற அளவுக்குச் சின்னதாக வையுங்கள். தட்டச்சு வராதவர்கள் குரல்வழியே சொல்லிவிட்டு, ல, ள, ழ மட்டும் கவனமாகத் திருத்தினால் போதும்.

நான்காம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தலைப்பை முழுக்கத் தமிழில் வைத்தால், பிளாகர் அந்த இடுகையின் இணைப்பைத் தானாகப் 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாக அமைத்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே இணைப்புப் பகுதியைத் திறந்து, 'சொதி', 'நெல்லை' போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். தலைப்பும் தேடுகிறவர் வாயில் வருகிற மாதிரி இருக்கட்டும்: "200 பேருக்கு மறுவீட்டுச் சொதி: தேங்காய்க் கணக்கு."

வெளியிட்டதும் பிளாகரின் புள்ளிவிவரப் பகுதியில், உங்கள் சொந்தப் பார்வைகளைக் கணக்கில் சேர்க்காதபடி மாற்றுங்கள். இல்லையென்றால் நீங்களே திறந்து திறந்து பார்த்ததெல்லாம் எண்ணிக்கையில் ஏறும். கூகுள் தேடலுக்கு உங்கள் தளத்தைத் தெரியப்படுத்தும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் வலைப்பூவைப் பதிந்துவிடுங்கள். தேடலில் வரச் சில வாரம் ஆகலாம், அதுவரை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் சித்தியோ மதினியோ, ஒருவருக்குத் தனியாக அனுப்பி, "இதுல ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேளுங்கள். "எங்க வீட்டுல முருங்கைக்காய் போடுவோமே" என்று பதில் வந்தால், எந்த ஊர்ப் பழக்கம், எப்போது போடுவார்கள் என்று விசாரித்து, இடுகையில் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.