முதன்முறையாக ருத்ராட்சம் அணிகிறீர்களா? வாங்குவதிலிருந்து ஜபம் வரை

ருத்ராட்சம் போட்டுக்கொள்ள ஆசை இருக்கும். ஆனால் எந்த முகம் வாங்குவது, நமக்குத் தகுதி இருக்கிறதா, அசைவம் சாப்பிடுகிறோமே என்று தயங்கியே வருடங்களை ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிவபெருமானின் கண்ணீர்த் துளி மண்ணில் விழுந்து மரமானது என்கிறது புராணம். திருநீறு, ருத்ராட்சம், 'நமசிவாய' என்ற ஐந்தெழுத்து மூன்றையும் சைவர்கள் சேர்த்தே சொல்வார்கள். எனவே மணியைக் கழுத்தில் போட்டுக்கொள்வது பாதி வேலைதான். தினமும் கொஞ்ச நேரம் ஐந்தெழுத்தையும் சொல்லிப் பழக வேண்டும்.

படி 1: மணி வாங்குவது

ஐந்து முக மணியே போதும். மரத்தில் அதிகம் காய்ப்பது அதுதான் என்பதால் விலை குறைவு, ஏமாற்றும் குறைவு. ஒரு துளையிலிருந்து எதிர்த்துளை வரை ஓடும் கோடுகளை எண்ணினால் முகம் தெரிந்துவிடும். நேபாள மணி பெரியது, பள்ளங்கள் ஆழமானவை. இந்தோனேசியாவின் ஜாவா மணி சிறியது. நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கும் 108 மணி மாலைக்குச் சிறிய மணிதான் சௌகரியம்.

கடையில் தண்ணீரில் போட்டுக் காட்டி, "மூழ்குது பாருங்க, ஒரிஜினல்" என்பார்கள். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கனமான போலியும் மூழ்கும். நன்றாகக் காய்ந்த நல்ல மணி மிதக்கவும் கூடும். அதைவிட ஒரு லென்ஸ் வைத்துக் கோட்டைப் பாருங்கள். இயற்கைக் கோடு மேடுபள்ளத்தோடு சேர்ந்து வளைந்து, அறுபடாமல் துளை வரை போகும். கருவியால் கீறிய கோடு ஒரே ஆழத்தில் இருக்கும், ஓரம் கூராகத் தெரியும். ஒரு முகம், பதினான்கு முகம் என்று பெரிய விலை சொன்னால் எக்ஸ்ரே இல்லாமல் வாங்கவே கூடாது. பொதுவாக எத்தனை முகமோ அத்தனை அறைகள் உள்ளே இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த மணிகள் தேவையே இல்லை என்பேன்.

படி 2: பதப்படுத்துவது

புது மணி வறண்டிருக்கும். அப்படியே அணிந்தால் விரிசல் விடலாம். ஒரு நாள் முழுக்க நெய்யில் ஊற வையுங்கள், அடுத்த நாள் கொழுப்பு நீக்காத பாலில். அப்புறம் தண்ணீரில் அலசி, பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளங்களில் தங்கிய பிசுக்கை மெதுவாக எடுத்து, துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நிறம் கொஞ்சம் கருக்கும், அது இயல்புதான்.

படி 3: கோப்பது

108 மணி, அதோடு மேருவாக ஒன்று. மேரு என்பது மாலையின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் தலைமணி, எண்ணிக்கையில் சேராது. பருத்தி நூலோ பட்டு நூலோ எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டினால் மணிகள் ஒன்றோடொன்று நெருக்கி வெடிக்கும். கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

படி 4: அணிவது

திங்கட்கிழமையோ பிரதோஷமோ நல்ல நாள். குளித்து, திருநீறு பூசி, மாலையைச் சிவன் படத்தின் முன் வைத்து விளக்கேற்றுங்கள். 'நமசிவாய' 108 முறை சொல்லிவிட்டு அணியுங்கள். தீட்சை கொடுக்கும் குரு இருந்தால் அவர் கையால் வாங்கி, அவர் சொல்படி நடப்பதே முறை. பெண்களும் தாராளமாக அணியலாம். அசைவம், தீட்டு பற்றி வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதையே காரணமாக்கி அணியாமல் இருந்துவிடாதீர்கள். சோப்பும் ஷாம்பும் மணியை வறளச் செய்யும், குளிக்கும்போது கழற்றி வையுங்கள்.

படி 5: ஜபம்

கழுத்தில் போடும் மாலை வேறு, ஜப மாலை வேறு என்று வைத்துக்கொள்வது மரபு. வலது கை நடுவிரலில் மாலையைத் தொங்கவிட்டு, கட்டைவிரலால் மணிகளை ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் படக்கூடாது. மேரு வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஒரு மணிக்கு ஒரு மூச்சு என்று வையுங்கள். மெதுவாக மூச்சை விடும்போது ஒரு 'நமசிவாய'. 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 23 பேரை ஜெபமாலைப் பிரார்த்தனையும் யோக மந்திரமும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு முறையாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக ஒத்திசைந்தன. அந்தக் கணக்கில் 108 மணிக்கு 18 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் உட்கார முடியவில்லையா? 27 மணி மாலை எடுங்கள், நாலரை நிமிடம் போதும். ஒரு வாரம் அதையே விடாமல் செய்யுங்கள். மனம் அலைந்தாலும் விரல் அடுத்த மணிக்கு நகரும்போது திரும்பி வந்துவிடும். மன அமைதிக்கு இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

சரி, பிரஷர் குறையுமா, சர்க்கரை போகுமா என்று கேட்பீர்கள். மணி தோலில் படுவதாலேயே நோய் தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரையை ஒரு வேளை கூட நிறுத்தாதீர்கள்.

படி 6: பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெய், பால் பதத்தைத் திரும்பச் செய்யுங்கள். வியர்வை பட்டுப்பட்டு நூல் நைந்துபோகும், முக்கியமாக மேருவுக்குப் பக்கத்தில். அந்த இடத்தை அவ்வப்போது பார்த்து, பிசிறு தெரிந்ததுமே நூலை மாற்றிவிடுங்கள். ஒருவேளை அறுந்து சிதறினால் அபசகுனம் என்று பயப்பட வேண்டாம். மணிகளைப் பொறுக்கி எண்ணிப் பாருங்கள். வெடித்த மணியை ஆற்றில் விட்டுவிட்டு அல்லது மரத்தடியில் புதைத்துவிட்டு, அதே அளவில் வேறொன்றைச் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள்.