பாத்திரக் கடை நோட்டிலிருந்து கிளாஸ் வரை: ஆப்ஜெக்ட், அட்ரிப்யூட், மெத்தட், உறவு கண்டுபிடிப்பது எப்படி?

ஜாவா, பைத்தான் போன்ற நிரல் மொழி படித்தவர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கிளாஸ் எழுதத் தெரியும், பயிற்சிக் கணக்கெல்லாம் ஓடும். ஆனால் ஒருவர் வந்து "என் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து கொடு" என்று கேட்டால் எதைக் கிளாஸ் ஆக்குவது, எதை விடுவது என்று பிடிபடாது. இந்தப் பதிவு அவர்களுக்காக. நிரல் ஒரு வரிகூட வராது, பேப்பரும் பேனாவும் போதும்.

முதலில் நான்கு சொற்கள். தனக்கென்று தகவலும் வேலையும் உள்ள ஒன்று ஆப்ஜெக்ட். அந்தத் தகவல் அட்ரிப்யூட், அந்த வேலை மெத்தட். ஒரே மாதிரியான ஆப்ஜெக்ட்களுக்குப் பொதுவான வார்ப்பு கிளாஸ். ஓர் ஆப்ஜெக்ட் இன்னொன்றைத் தெரிந்து வைத்திருந்தால் அது உறவு.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் தெருமுனையில் இருக்கும் வாடகைப் பாத்திரக் கடையை எடுத்துக்கொள்கிறேன். அதை நடத்தும் அண்ணனுக்காக நான் செய்த வடிவமைப்புதான் இது.

படி 1: கேட்டதை அப்படியே எழுதுங்கள்

கடைக்காரர் பேசுவதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது இது:

"கல்யாணம், காதுகுத்துன்னு ஆளுங்க வருவாங்க. தேதி சொல்வாங்க. அன்னிக்கு எவ்வளவு சாமான் கையில இருக்குன்னு நோட்டைப் பார்த்துச் சொல்வேன். பெரிய அண்டா ரெண்டு, நாற்காலி நூத்தம்பதுன்னு எழுதிக்குவேன். அட்வான்ஸ் வாங்கிக்குவேன். முந்தின நாள் சாயங்காலம் வண்டியில அனுப்பிடுவோம். திரும்பி வந்ததும் பையன் எண்ணிப் பார்ப்பான். குறைஞ்சா, உடைஞ்சா காசு பிடிச்சுக்கிட்டுக் கணக்கை முடிப்பேன்."

நமக்கு வேண்டியதில் முக்கால்வாசி இந்தச் சில வரிகளுக்குள் இருக்கிறது.

படி 2: பெயர்ச்சொற்களைப் பொறுக்குங்கள், பிறகு சலியுங்கள்

பெயர்ச்சொல்லில் இருந்து ஆப்ஜெக்ட், வினைச்சொல்லில் இருந்து மெத்தட் என்ற வழியை 1983-இல் ரஸ்ஸல் அபட் என்ற கணினி அறிவியலாளர் ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்றும் தொடக்கத்துக்கு அதுதான் நல்ல வழி. நம் பத்தியில் கிடைப்பவை: ஆள், கல்யாணம், காதுகுத்து, தேதி, சாமான், நோட்டு, அண்டா, நாற்காலி, அட்வான்ஸ், வண்டி, பையன், காசு, கணக்கு.

எல்லாமே கிளாஸ் ஆகிவிடாது. ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இதைப் பற்றி நாம் ஞாபகம் வைக்கவேண்டிய விஷயம் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? தேதி வெறும் மதிப்பு, அதனால் தள்ளலாம். கல்யாணமா காதுகுத்தா என்பது ஒரு குறிப்பு மட்டும். நோட்டு என்பது நாம் செய்யப்போகும் சாஃப்ட்வேரேதான். வண்டி வாடகைக்கு அவர் கணக்கு வைப்பதில்லை, இப்போதைக்கு வேண்டாம். ஆளுக்குப் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளலாம். சாமானும் நிற்கும்.

இங்கே தமிழில் எழுதுபவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நம் பேச்சில் எழுவாயும் செயப்படுபொருளும் அடிக்கடி மறைந்துவிடும். "எழுதிக்குவேன்" என்றார். எதை எழுதினார், எதில் எழுதினார் என்று சொல்லவே இல்லை. கேட்டேன். "பில்லுதான்" என்றார். இந்த ஆள், இந்தத் தேதி, இத்தனை சாமான், இவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் அந்தப் பில்தான். அவர் பேச்சில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை! ஆகவே பெயர்ச்சொற்களை எண்ணி முடித்ததும் ஒவ்வொரு வினைக்கும் "எதை?" என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: அண்டா ஒரு கிளாஸா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. அண்டாவுக்கு ஒரு கிளாஸ், நாற்காலிக்கு ஒரு கிளாஸ், ஜமுக்காளத்துக்கு ஒரு கிளாஸ் என்று எழுதிக்கொண்டே போவார்கள். நாளைக்கு அண்ணன் புதிதாக இட்லிக் கொப்பரை வாங்கினால் நிரலைத் திறந்து மாற்றவேண்டி வரும்.

அண்டாவும் நாற்காலியும் கடையில் வேறுவேறு மாதிரியா நடந்துகொள்கின்றன? இல்லை. இரண்டுக்கும் பெயர், ஒரு நாள் வாடகை, மொத்த எண்ணிக்கை, உடைந்தால் பிடிக்கும் தொகை ஆகியவை இருக்கின்றன. மதிப்புதான் மாறுகிறது. எனவே கிளாஸ் ஒன்றுதான்: சாமான் வகை. "பெரிய அண்டா" அதன் ஓர் ஆப்ஜெக்ட், "நாற்காலி" இன்னொரு ஆப்ஜெக்ட்.

அடுத்த கேள்வி கொஞ்சம் நுட்பமானது. கடையில் 400 நாற்காலி இருந்தால் 400 ஆப்ஜெக்ட் வேண்டுமா? வேண்டாம். எந்த நாற்காலி யார் வீட்டுக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை, எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். ஆனால் அதே கடையில் இரண்டு ஜெனரேட்டர் இருக்கின்றன. எது எப்போது சர்வீஸுக்குப் போனது என்று தனித்தனியாகத் தெரியவேண்டும். அவற்றுக்கு ஒவ்வோர் ஆப்ஜெக்ட் தேவை. ஒன்றைத் தனியாக அடையாளம் காணவேண்டுமா, எண்ணினால் போதுமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

படி 4: அட்ரிப்யூட்டும் உறவும், ஆறாம் வேற்றுமையின் உதவியோடு

பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே நேராகக் கைகொடுக்கும். "நாற்காலியின் வாடகை", "பில்லின் தேதி", "பில்லின் வாடிக்கையாளர்" எல்லாமே உடைமையைச் சொல்கின்றன. ஆனால் ஒரே மாதிரி உடைமை அல்ல. நன்னூல் இந்த உடைமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. சாத்தனது கை அவனை விட்டுப் பிரியாது, அது தற்கிழமை. சாத்தனது வீடு அவனிடமிருந்து வேறாக நிற்கும் பொருள், அது பிறிதின்கிழமை. பண்பும் உறுப்பும் தற்கிழமையில் அடங்கும்.

இந்தப் பாகுபாட்டை அப்படியே நம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். நாற்காலியின் வாடகை பண்பு, ஆகவே அட்ரிப்யூட். பில்லின் வாடிக்கையாளர் பில்லுக்கு வெளியே தனியாக வாழ்பவர், பில்லைக் கிழித்தாலும் அவர் இருப்பார். அது உறவு. பில்லில் இருக்கும் "நாற்காலி 150" என்ற வரி என்ன? அது உறுப்பு. பில் போனால் வரியும் போய்விடும். இதுவும் உறவுதான், ஆனால் இறுக்கமானது. கம்போசிஷன் என்று பாடத்தில் வருவது இதைத்தான்.

அந்த வரிக்கு ஒரு கிளாஸ் வேண்டும்: பில் வரி. எந்தச் சாமான், எத்தனை, என்ன வாடகை என்பவை அதில் இருக்கும். வாடகைதான் ஏற்கெனவே சாமான் வகையில் இருக்கிறதே, வரியிலும் எதற்கு? இப்படி யோசித்துப் பாருங்கள். நாற்காலி வாடகை 8 ரூபாயாக இருந்தபோது 150 நாற்காலிக்கு 1200 ரூபாய் என்று பேசி முடித்தாயிற்று. அடுத்த வாரம் அண்ணன் வாடகையை 10 ரூபாய் ஆக்குகிறார். வரியில் தனியாக எழுதி வைக்காவிட்டால் பழைய பில் தானாக 1500 ரூபாய் காட்டும். கல்யாண வீட்டில் சண்டை வரும். பேசிய விலை பில் வரியின் பண்பு, இன்றைய விலை சாமான் வகையின் பண்பு.

எதிர்ப்பக்கமும் உண்டு. "பாக்கித் தொகை" என்று ஓர் அட்ரிப்யூட் வைக்கத் தோன்றும். வேண்டாம். மொத்தத்தில் அட்வான்ஸைக் கழித்தால் வந்துவிடும். கணக்கிட்டு எடுக்க முடிந்ததைச் சேமித்து வைத்தால் ஒருநாள் இரண்டும் வேறுவேறு சொல்லும்.

அட்வான்ஸ் ஒரே தடவைதான் என்றால் பில்லின் அட்ரிப்யூட்டாக இருக்கலாம். இரண்டு மூன்று தவணையாகக் கொடுப்பார்கள் என்றால் தனி ஆப்ஜெக்ட்.

படி 5: வினைகளை யாரிடம் கொடுப்பது?

இப்படி ஆப்ஜெக்ட்களை வைத்து நிரல் எழுதும் பொருள் நோக்கு நிரலாக்கம் பிறந்தது நார்வேயின் ஆஸ்லோ நகரில். 1960-களில் ஒலே-யோஹன் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காகச் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். அதனாலோ என்னவோ, உலகத்தில் யார் செய்கிறாரோ அவரிடமே மெத்தடைக் கொடுக்கவேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். "பையன் எண்ணிப் பார்ப்பான்" என்றால் பையன் என்ற கிளாஸில் "எண்ணு" என்ற மெத்தட். இது சரிவராது.

தகவல் யாரிடம் இருக்கிறதோ வேலையும் அவரிடம். கடையில் பில் வெறும் காகிதம், அண்ணன்தான் கூட்டுவார். நம் வடிவமைப்பில் பில்லே தன் வரிகளைக் கூட்டி மொத்தம் சொல்லும். ஒவ்வொரு வரியும் தன் எண்ணிக்கையை விலையால் பெருக்கிக் கொடுக்கும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது பழகவேண்டிய பார்வை.

"அன்னிக்கு எவ்வளவு கையில இருக்கு" என்பதுதான் இந்தக் கடையின் உயிர். அது சாமான் வகையின் மெத்தட். நாற்காலி மொத்தம் 400. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பில்லில் 150, இன்னொன்றில் 200 என்றால் கையில் 50. ஆனால் சாமான் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிவிடும், மறுநாள்தான் திரும்பும். அதனால் பில்லில் விசேஷத் தேதி மட்டும் இருந்தால் போதாது; போகும் நேரம், திரும்பும் நேரம் என்று இரண்டு அட்ரிப்யூட் வேண்டும். மெத்தடை யோசிக்கும்போது விட்டுப்போன அட்ரிப்யூட் இப்படித்தான் வெளியே வரும். முன்னும் பின்னும் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 6: எத்தனைக்கு எத்தனை?

ஒரு வாடிக்கையாளருக்குப் பல பில். ஒரு பில்லுக்குப் பல வரி. ஒரு வரிக்கு ஒரே சாமான் வகை. கிளாஸ்களைப் பெட்டிகளாக வரைந்து, உறவுள்ளவற்றைக் கோட்டால் இணைத்து, இந்த எண்களைக் கோட்டின் இரு முனையிலும் எழுதுங்கள்.

நான் இதில் ஒரு தவறு செய்தேன். ஒரு பில்லுக்கு ஒரே திரும்பல் என்று நினைத்து, திரும்பிய எண்ணிக்கையைப் பில் வரியிலேயே வைத்துவிட்டேன். ஒரு முகூர்த்தத்தில் அண்டாவெல்லாம் திங்கட்கிழமையும், மண்டபத்தில் இருந்த நாற்காலிகள் இரண்டு தடவையாகச் செவ்வாயும் புதனும் வந்தன. எது எப்போது வந்தது, யார் எண்ணி வாங்கியது என்ற தகவல் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்துபோனது. ஒரு நாற்காலி குறைந்தபோது யாரையும் கேட்க முடியவில்லை. இப்போது திரும்பல் தனிக் கிளாஸ், ஒரு பில்லுக்குப் பல.

இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸின் தகவலையும் வேலையையும் இன்னொரு கிளாஸ் வாரிசாகப் பெறுவது, இந்தக் கடைக்குத் தேவைப்படவில்லை. பாடத்தில் இருக்கிறதே என்று எங்கேயும் வலிந்து நுழைக்காதீர்கள்.

படி 7: அட்டை போட்டு நடத்திப் பாருங்கள்

1989-இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரு மென்பொருள் வல்லுநர்கள் சொல்லிக்கொடுத்த முறை இது. கிளாஸுக்கு ஒரு சின்ன அட்டை. மேலே பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் யாரிடம் உதவி கேட்கும் என்பது. என் பில் அட்டை இப்படி இருந்தது:

பில்
பொறுப்பு: மொத்தம் சொல்லும், பாக்கி சொல்லும், தேதி மாற்றும், கணக்கை முடிக்கும்
உதவி: பில் வரி, வாடிக்கையாளர், சாமான் வகை, திரும்பல்

அட்டைகளை மேசையில் பரப்பி, ஒரு சம்பவத்தைச் சொல்லி, எந்த அட்டை எதைக் கேட்கிறது என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். சொந்த ஊர்க்காரர் ஒருவர் தேதியை ஒரு வாரம் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் தன் வரிகளைக் கேட்கும், ஒவ்வொரு வரியும் தன் சாமான் வகையிடம் "அன்றைக்கு இத்தனை கையில் உண்டா" என்று கேட்கும். ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் பில் பழைய தேதியிலேயே நிற்கவேண்டும்.

கடைசியாக அட்டைகளை அண்ணனிடமே காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தவர் சாமான் வகை அட்டையில் நின்றார். "பெரிய அண்டா ஆறுன்னு போட்டிருக்க. ஆறும் எப்பவும் இங்கேயா இருக்கு? ரெண்டு ஈயம் பூசப் போயிருக்கே, அதை யார் கழிப்பா?" என்றார். அதற்குப் புது அட்டை ஒன்று எடுத்து, என்ன பெயர் வைக்கலாம் என்று அவரையே கேட்டேன். "பட்டறைன்னு போடு" என்றார். அப்படியே எழுதினேன்: போன தேதி, எத்தனை, எப்போது வரும்.