விளக்கொளியில் ஜின்னியா: வளர்ப்பிலும் கலப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குள் ஜின்னியா வளர்ப்போர் முதலில் தவறுவது வெளிச்சத்தில்தான். நம் கண்ணுக்குப் போதுமானதாகத் தெரியும் அறை விளக்கு, மெக்சிகோவின் முழு வெயிலில் தோன்றிய இந்தச் செடிக்குச் சிறிதும் போதாது. நாற்று வெளிறி, தண்டு நீண்டு, நிற்க மாட்டாமல் சாய்ந்துவிடும். டியூப் லைட்டைச் செடியின் நுனியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்த வேண்டும். ஆற்றல் மிகுந்த எல்.இ.டி. விளக்குக்குக் கூடுதல் இடைவெளி தேவை. இரவு பகலாக எரியவிடுவதும் தவறே. பகல் நீளம் குறையும்போது விரைந்து பூக்கும் இயல்புடைய செடி என்பதால், மிகை ஒளிநேரம் பூப்பதைத் தள்ளிப்போடும். தொட்டிகளை நெருக்கி வைத்தால் சாம்பல் நோய் பற்றும். ஒரு சிறு மின்விசிறி அதைப் பெரிதும் தடுக்கும்.

இரு வேறு செடிகளைச் சேர்த்துக் கலப்பினம் செய்வோரின் தவறுகள் பெரும்பாலும் பூவின் அமைப்பை அறியாததால் நேர்பவை. நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல சிறுமலர்களின் தொகுதி. ஓரத்திலுள்ள ஒவ்வோர் இதழும் தனித்தனிப் பெண்மலர். அதன் அடியில் மகரந்தத்தை ஏற்கும், இரண்டாகப் பிளந்த சூலகமுடி தெரியும், மகரந்தம் இராது. நடுவில் மஞ்சள் நட்சத்திரம்போல் விரியும் சிறுமலர்களில்தான் மகரந்தம் உண்டு. விதை எடுக்கவிருக்கும் தாய்ப்பூவில் இவற்றை விரியும் முன்பே இடுக்கியால் பிடுங்காவிட்டால், பூச்சிகளே இல்லாத அறையிலும் தன்மகரந்தம் சேர்ந்துவிடும். இவை ஓரத்திலிருந்து நடுநோக்கி வரிசை வரிசையாக விரிவதால், காலைதோறும் பார்த்து நீக்க வேண்டும். எல்லாப் பூக்களுக்கும் ஒரே தூரிகையைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. எந்த மகரந்தம் எங்கே ஒட்டியது என்பதே தெரியாமல் போகும். மகரந்தம் தரும் தந்தைப்பூவின் நடுச் சிறுமலர் ஒன்றை இடுக்கியால் எடுத்து, சூலகமுடியில் நேரே தொட்டுவிடுவது மேல். இதழ்களும் அடுக்கடுக்காகவே விரிகின்றன. ஒருமுறை தொட்டதோடு நிறுத்தினால் பிந்தி விரிந்தவை வீணாகும். கருவுற்றால் சூலகமுடி விரைவில் வாடும். புதிதாகவே நின்றால் மீண்டும் மகரந்தம் இட வேண்டும்.

காய்ந்த தலையிலிருந்து உதிர்வதெல்லாம் விதையன்று. பல வெறும் பதராகவே இருக்கும், விரலிடையே அழுத்தினால் உள்ளீடு உள்ளது கெட்டியாகத் தெரியும். பெற்றோர் விவரத்தை எழுதிப் பூவின் காம்பிலேயே கட்டிவிடுங்கள். முதல் தலைமுறை ஒன்றுபோல் பூத்தது என்று சலித்துக் கைவிடுவோர் பலர். மறைந்திருக்கும் பண்புகள் இரண்டாம் தலைமுறையில்தான் பிரிந்து வெளிப்படும் என்பதால், அதன் நாற்றுகளை முதல் பூ விரியும்வரை களைந்துவிடக் கூடாது.