சிவப்புக் கோடு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

விசுவமடுப் பக்கம் ஒரு கமக்கார அமைப்புக்கு நெற்செய்கைப் பதிவுப் படிவம் ஒன்றை இணையத்தில் செய்து கொடுத்தேன். முதல் நாளே பதிய வந்த ஐயா ஒருவர் தன் பெயரை ஆங்கில எழுத்தில் சரியாகத்தான் அடித்தார். கீழே சிவப்பு நெளிகோடு விழுந்தது. "பிழை போல கிடக்கு தம்பி" என்று அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். அடையாள அட்டையில் ஒரு பெயர், படிவத்தில் இன்னொன்று. மானியக் காசு வரும் நேரம் அந்த ஓர் எழுத்து மனிசனை அலைய வைக்கும்.

எழுத்துப்பிழை பார்த்து அந்தக் கோட்டைப் போடுவது உலாவி. பெயர்ப் பெட்டியில் அதை 'ஸ்பெல்செக்' (spellcheck) என்ற எச்டிஎம்எல் பண்பால் நிறுத்தாமல் விட்டது என் பிழை. நான் ஃபயர்ஃபொக்ஸில் மட்டும் சோதித்திருந்தேன். அது இயல்பாகப் பல வரிப் பெட்டிகளைத்தான் சரிபார்க்கும். ஒற்றை வரிப் பெட்டியில் கோடு போடாது. அமைப்பின் கணினியில் இருந்ததோ குரோம். ஒரே உலாவியில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், 'பிஜி 300', 'ஏடி 362' போன்ற நெல்லினக் குறிகள் எல்லாவற்றுக்கும் நிறுத்துங்கள்.

நிறுத்தும்போது அந்தப் பண்பின் மதிப்பாக 'ஓஃப்' (off) என்று எழுதாதீர்கள். ஓன், ஓஃப் என்பவை ஓட்டோகரெக்ட் (autocorrect) பண்புக்கு உரியவை. ஸ்பெல்செக்குக்கு ட்ரூ (true, சோதி) அல்லது ஃபால்ஸ் (false, சோதிக்காதே) மட்டும்தான். 'ஓஃப்' செல்லாத மதிப்பு என்பதால் உலாவி தன் வழக்கப்படியே நடக்கும். பண்பின் பெயரை மட்டும் எழுதி மதிப்பை விட்டால் அது ட்ரூ. கைபேசி சொல்லைத் தானாக மாற்றுவது வேறு சங்கதி, அதற்குத்தான் ஓட்டோகரெக்ட்.

சிலர் சினத்தில் பக்கம் முழுவதற்கும் ஃபால்ஸ் போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் பெட்டிகள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். வாய்க்கால் உடைப்பையும் யானை அழிவையும் நாலு வரி எழுதும் முறைப்பாட்டுப் பெட்டிக்கு அந்த உதவி தேவை. அதற்கு மட்டும் ட்ரூ கொடுங்கள். தமிழ்ப் பக்கத்தில் மொழிப் பண்பை (lang) ஆங்கிலமாக விட்டுவைப்பதும் அடிக்கடி காணும் தவறு. ஃபயர்ஃபொக்ஸ் அகராதியைத் தேர்வது அதைப் பார்த்துத்தான்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது கடவுச்சொல் பெட்டி. மறைத்திருக்கும்வரை உலாவி அதைச் சரிபார்க்காது. 'கடவுச்சொல்லைக் காட்டு' என்று அழுத்தினால் அது சாதாரண எழுத்துப் பெட்டியாக மாறிவிடுகிறது. குரோமில் மேம்பட்ட எழுத்துப்பிழைச் சோதனையைப் போட்டு வைத்திருப்பவர்கள் அடிப்பது கூகிளின் சேவையகத்துக்குப் போகும். கடவுச்சொல்லும் இப்படிப் போகிறது என்பது 2022இல் வெளியே வந்தது. ஆகையால் கடவுச்சொல் பெட்டிக்கு, அது மறைந்திருக்கும்போதே, ஃபால்ஸ் எழுதி வையுங்கள்.