மாடிஃபை செய்த செடியாவை விற்பது எப்படி?

மிட்சுபிஷி லான்சர் செடியா காரில் போனால், மதுரையில் இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் யாராவது பக்கத்தில் வந்து, "விக்கிறீங்களாண்ணே?" என்று கேட்பார்கள். 2006-ல் திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வரத் தொடங்கிய 2 லிட்டர் பெட்ரோல் வண்டி. ராலிகளில் ஓடிப் பேர் வாங்கியது. என்னுடையது 2008 மாடல். 11 வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்து, போன தை மாதம் விற்றேன். முதல்முறை விற்பவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரிஜினல் பாகங்களைத் திரும்ப மாட்டுங்கள்

போட்ட பணம் திரும்ப வரும் என்று நினைத்து, மாடிஃபை செய்தபடியே விற்கப் பார்ப்பார்கள். வராது. ஹெட்டர் (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்), காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர்), அலாய் வீல் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்றால்தான் அவற்றுக்கு உரிய விலை கிடைக்கும்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (சோதித்துத் தரும் தகுதிச் சான்று) காட்டித்தான் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) 5 வருடத்துக்குப் புதுப்பிக்க முடியும். சத்தம் போடும் சைலன்சரோடு வாங்குபவர் அந்தச் சோதனைக்குப் போய் நிற்கக் கூடாது. என்னுடைய பழைய ஸ்பிரிங், சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றும் எண்ணெய் தடவிய சாக்கில் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. பட்டறையில் ஒரே நாளில் மாட்டிவிட்டார்கள். அதனால் ஒரிஜினல் பாகங்களை எப்போதும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது: பில் ஃபைல்

எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, பில்களைப் பின்னால் சேருங்கள். செடியாவுக்கு முக்கியமானது டைமிங் பெல்ட் பில். பெல்ட் அறுந்தால் இன்ஜினே போய்விடும் என்று தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். டிங்கரிங் பார்த்த இடம் இருந்தால் அதையும் எழுதுங்கள். என் இடது பின்கதவு ஒருமுறை பெயின்ட் ஆனது. போனில் பேசும்போதே சொல்லிவிட்டேன்.

போட்டோவைக் காலை ஏழு மணிக்கு முன்னால் எடுங்கள். நான் ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரிகிற இடத்தில் எடுத்தேன்.

வண்டி பார்க்க வருபவரிடம்

வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு முன்னால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதீர்கள்; குறையை மறைக்கிறீர்களோ என்று சந்தேகம் வரும். திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி வந்தார். வணக்கம் சொன்ன கையோடு பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அதன் பிறகுதான் சாவியைக் கேட்டார். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் தடவிப் பார்த்தார். இப்படிப் பார்க்கிறவர்தான் வண்டியை நன்றாக வைத்திருப்பார். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸைப் பார்த்துவிட்டு, நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். நத்தம் சாலை பறக்கும் பாலம் சுமார் 7 கிலோமீட்டர், நிற்காமல் ஓடும். வீல் பேரிங் சத்தம் இருந்தால் அங்கே கேட்டுவிடும். திரும்பும்போது வேகத்தடை உள்ள தெருக்கள் வழியாக வாருங்கள், சஸ்பென்ஷன் எப்படி என்று அவருக்கே தெரியட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் யாரையும் வரச் சொல்லாதீர்கள்.

பணமும் பேப்பரும்

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது; வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். பேங்க் வழியாகவே வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பாருங்கள். கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து எச்.பி.யை (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்ய வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். புரோக்கர் "அப்புறம் எழுதிக்கலாம்" என்றாலும் வேண்டாம். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டு வழக்கு உங்கள் மேல்தான் வரும். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் என்.ஓ.சி.யும் (ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) தேவை.

இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குத் தரும் தள்ளுபடி) வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. கம்பெனியிடம் கடிதம் வாங்கி வையுங்கள். 3 வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

சாவி கொடுக்கும் நாளில் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி இருவரும் டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். ஃபாஸ்டேக் கணக்கையும் அன்றே மூடிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். நான்காம் நாள் கப்பலூர் டோலில் என் பணம் போனதாக மெசேஜ் வந்தது. போன் செய்ததும் அந்தத் தம்பி உடனே பணத்தை அனுப்பிவிட்டு, "வண்டி நல்லா ஓடுதுண்ணே" என்றார்.